கணினியின் நினைவகமும் கண்மாயின் வண்டலும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன் ஒருவன் கணினி வலையமைப்புக்கு நேரும் நோய் ஒன்றைப் பற்றி எழுதப் புகுதல் நம் கல்லூரி அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். உரையாசிரியர்களையும் காப்பியங்களையும் விட்டு இப்பொருளை யான் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம், சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் ஊரில் ஓரிரவு நிகழ்ந்த நிகழ்ச்சியே. அதனை முதற்கண் சுருங்கக் கூறிப் பின் பொருளுக்கு வருகின்றேன்.

எங்கள் ஊர் கூமாப்பட்டி. திருவில்லிபுத்தூர்ப் பக்கத்தில், வத்திராயிருப்பை அடுத்து, மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ளது. 2025-ஆம் ஆண்டிற் கைப்பேசிக் காணொளி ஒன்றினால் அதன் பெயர் தமிழ்நாடு எங்கணும் பரவிற்று. அதற்குமுன் எங்கள் ஊர் எங்குள்ளதென்று விடுதியில் ஒவ்வொருவர்க்கும் விளக்கிச் சொல்வது எனக்கு ஒரு வேலையாக இருந்தது. மலையினின்று இறங்கும் நீர் பிளவக்கல்லில் பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு அணைகளிலே தேங்கி, அங்கிருந்து கண்மாய்களை நிரப்புகின்றது. என் தந்தையார்க்குக் கண்மாய் மடை ஒன்றின் கீழே சிறிது நெல்வயல் உண்டு. என் தமையனார் பெங்களூரில் ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைக் காக்கும் பணியில் இருக்கின்றார்.

அன்றிரவு ஒரு மணியளவில் அவர் கைப்பேசி ஒலித்தது. வீட்டினுள் பேச்சுத் தெளிவாகக் கேளாமையின் அவர் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்கு நடந்தார். யானும் டார்ச்சு விளக்குடன் பின்சென்றேன். நிறுவனத்தின் வலையமைப்பு முழுதையும் ஆளுகின்ற மென்பொருளின் சேவை ஒன்று பதிலிறாமற் கிடக்கின்றது என்பது செய்தி. மூன்று வாரத்தில் அது மூன்றாம் முறை. முன்னிரு முறையும் இரவுப் பணியில் இருந்தோர் அதனை மீளத் தொடக்கிவிட்டு, "சரிசெய்யப்பட்டது" என்று பதிவேட்டில் எழுதி முடித்திருந்தனர். இம்முறை மேலதிகாரி பொறுமை இழந்துவிட்டார். மூன்று வாரத்துக்கு முன்னர்ப் பாதுகாப்பு விதிகள் பலவற்றைப் புதிதாக ஏற்றியவர் என் தமையனாரே ஆதலின், பிழை அவ்விதிகளில் இருத்தல் வேண்டும் என்றும், காலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும் என்றும் கூறிவிட்டார். தமையனார் அப்பணியில் இன்னும் நிலைப்படுத்தப்பெறாத காலம் அது. என் விடுதிக் கட்டணம் அவர் ஊதியத்தினின்றே வருவது. கரையின்மீது நின்ற எனக்குக் குளிரினால் மட்டும் நடுக்கம் வந்ததென்று கூற இயலாது.

இனிப் பொருளுக்கு வருவோம். முன்னாளில் ஒரு நிறுவனத்தின் கணினிகளை இணைப்பன கம்பிகளும் சுவிட்சு என்னும் பெட்டிகளுமே. கணக்குப் பிரிவினையும் ஏனைப் பிரிவுகளையும் வேறுபடுத்தி வைக்க வேண்டின், ஆள் சென்று கம்பியை மாற்றுவான், அல்லது பெட்டி ஒவ்வொன்றிலும் கட்டளை எழுதுவான். பின்னர் ஒரே பெருங்கணினிக்குள் பல கணினிகள் இருப்பனபோல இயங்கும் மெய்நிகர்க் கணினி முறை பரவிற்று. இத்தகைய கணினி ஒன்று இன்று ஓரிடத்திலும் நாளை வேறிடத்திலுமாகக் குடிபெயரும். கம்பி அதனைத் தொடர்ந்து ஓடுமா? ஓடாது. ஆதலின் வலையமைப்பினையும் மென்பொருளாற் சமைத்துக்கொள்ளும் முறை தோன்றிற்று. அதுவே மெய்நிகர் வலையமைப்பு.

அதன் உத்தி மிக எளிது. வீட்டிலிருந்து விடுதி மாணவனுக்கு வரும் கடிதத்தை எண்ணுக. உள்ளுறையில் அவன் பெயரும் அறை எண்ணும் மட்டும் இருக்கின்றன. அதனைக் கல்லூரி முகவரி எழுதிய வெளியுறை ஒன்றினுள் இட்டு அனுப்புகின்றனர். அஞ்சற்காரர் வெளியுறையை மட்டுமே நோக்குவார். அவன் அறை மாறினால் அஞ்சலகம் அறிய வேண்டுவதில்லை. இங்ஙனமே மெய்நிகர்க் கணினியின் செய்திப்பொதி மற்றொரு பொதியினுள் பொதியப்பட்டுச் செல்கின்றது. பழைய முறையில் ஒரே கம்பியமைப்பில் 4,094 தனிவலைகளையே பிரிக்கலாம். உறைமேலுறை முறைக்கு விதி வகுத்து 2014-இல் வெளியான வி.எக்ஸ்.லான் என்னும் ஏற்பாட்டில் வலை எண்ணுக்கு 24 இலக்கங்கள் ஒதுக்கப்பட்டமையின், 1,67,77,216 எண்கள் கிடைக்கின்றன.

இத்துறையில் முன்னின்றது 2007-இல் அமெரிக்காவிலே மார்ட்டின் கசாடோ, நிக் மெக்கியோன், ஸ்காட் ஷென்கர் என்னும் மூவர் தொடங்கிய நிசிரா என்னும் சிறு நிறுவனம். 2012-இல் வி.எம்.வேர் நிறுவனம் அதனை ஏறக்குறைய 126 கோடி டாலருக்கு வாங்கி, மறு ஆண்டில் என்.எஸ்.எக்ஸ் என்னும் பெயரில் தன் மென்பொருளை வெளியிட்டது. வி.எம்.வேர் தானும் 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனத்தின் உடைமையாயிற்று. விலையின்றிக் கிடைக்கும் ஓபன்ஸ்டாக்கிலும் இதே தொழிலைச் செய்யும் நியூட்ரான் என்னும் பகுதி உண்டு. எதனை எடுத்தாலும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே.

அவ்வமைப்பில் ஆளுவோனும் செலுத்துவோனும் வேறு வேறு என்பதனை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். எந்தக் கணினி எதனோடு பேசலாம், எதனோடு பேசலாகாது என்னும் விதிகளை ஏற்று, சேமித்து, ஓலைபோல எல்லா இடத்துக்கும் அனுப்புவது ஆளும் மென்பொருள். அவ்வோலையைப் பெற்றுச் செய்திப்பொதிகளை உண்மையாகவே செலுத்துவது ஒவ்வொரு பெருங்கணினியிலும் உள்ள மெய்நிகர்ச் சுவிட்சு. அரசன் மயங்கி விழுந்தாலும், முன்னரே பெற்ற ஆணைப்படி காவலர் வாயிலில் நிற்பர் அன்றோ? அதுபோல ஆளும் மென்பொருள் வீழ்ந்த பின்னும் பழைய போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கும். புதிய விதி ஏறாது. புதிய கணினிக்கு வலை அமையாது. நிலைமையைக் காட்டும் பக்கம் திறவாது. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. நன்மையாவது, பதறாமல் ஆராய்வதற்குச் சிறிது நேரம் கிடைத்தல். தீமையாவது, நோய் முற்றும்வரை ஒருவரும் அறியாதிருத்தல்.

என்.எஸ்.எக்ஸில் இவ்வாளும் கணினி ஒன்றன்று, மூன்று. மூன்றில் இரண்டு நின்றால்தான் அவை ஒருமனப்பட்டுப் புதிய ஆணையை ஏற்கும். ஒவ்வொன்றுக்கும் வலையமைப்பின் பருமைக்கு ஏற்ப 16, 24, 48 ஜிகாபைட் முதலிய அளவுகளில் நினைவகம் வகுக்கப்பட்டுள்ளது. இத்துணை நினைவகம் எதற்கெனின், விதிகளும் குழுக்களும் குழுவின் உறுப்பினர் யாவர் என்னும் கணக்கும் நொடிதோறும் மாறுவன. அவற்றை வட்டில் எழுதி எழுதிப் படித்துக்கொண்டிருந்தால் வேலை நடவாது. ஆதலின் பெரும்பகுதி நினைவகத்திலேயே வைக்கப்படும்.

நினைவகம் நிரம்பிச் சேவை நிற்றலை ஆங்கிலத்தார் பெரும்பாலும் 'மெமரி லீக்' என்பர். லீக் என்பது ஒழுகுதல். தமிழ் பயில்வோன் என்னும் உரிமையில் ஒன்று கூறுவேன்: இப்பெயர் பொருந்தவில்லை. ஒழுகினால் கலத்தில் உள்ளது குறைந்து இடம் மிகும் என்றன்றோ கேட்பவன் எண்ணுவான்? இங்கே நிகழ்வது அதன் மறுதலை. வேண்டாத பொருள் உள்ளேயே தங்கி, வேண்டிய பொருளுக்கு இடமில்லாமற் போகின்றது. எங்கள் ஊரில் இதற்குப் பெயர் உண்டு. கண்மாய் தூர்ந்துபோயிற்று என்பர். ஆண்டுதோறும் நீருடன் வரும் வண்டல் அடியிற் படிந்து மேடாகும். கரையின் உயரம் குறையவில்லை, கண்மாயின் பெயரும் மாறவில்லை, ஆயினும் கொள்ளும் நீர் குறைந்துகொண்டே வரும். சிறுமழைக்கே கலுங்கு வழியும். தை மாதத்திலேயே மடை வறண்டுவிடும். அன்றிரவு தமையனார்க்கு யான் இதனைச் சொன்னபொழுது, "ஆமடா, தூர்ந்துபோதல்தான் சரி" என்றார். வேறு சமயமாயின் அவர் என்னைச் சிரித்திருப்பார்.

இந்நோயை ஆராய்வதற்கு முன் அறியவேண்டிய ஒன்று, மூன்று வெவ்வேறு நோய்கள் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும் என்பதாம். மூன்றிலும் பக்கம் திறவாது. மூன்றிலும் மீளத் தொடக்கினால் தீர்ந்ததுபோல் இருக்கும்.

முதலாவது, நிரல் தனக்கென வகுத்த இடம் நிரம்புதல். இவ்வகை ஆளும் சேவைகள் பல ஜாவா மொழியில் எழுதப்பட்டவை. ஜாவா நிரல் தொடங்கும்பொழுதே 'ஹீப்' என்னும் இடத்துக்கு ஓர் உயரெல்லை குறிக்கப்படுகின்றது. நிரல் உண்டாக்கும் பொருள்கள் எல்லாம் அவ்விடத்திலே சென்று சேரும். அவற்றுள் எவராலும் சுட்டப்படாமற் கிடப்பனவற்றைத் தூர்வாரும் வேலைக்காரன் ஒருவன் ஜாவாவினுள்ளேயே இருக்கின்றான். அவனுக்குள்ள குறை ஒன்றே: எவரேனும் ஒரு பொருளை இன்னும் சுட்டிக்கொண்டிருப்பின், அது பயனற்றதேயாயினும் அவன் தொடமாட்டான். பட்டியலில் பெயர் இருக்கும்வரை வண்டலும் நீரென்றே அவன் கணக்கில் எழுதப்படும். இடம் நெருக்கமாகுந்தோறும் அவன் அடிக்கடி வாரத் தொடங்குவான். அவன் வாரும்போது பிற வேலைகள் நின்று நின்று நடக்கும். பொதுவாக வழங்கும் ஜாவாவின் தூர்வாரும் முறைகளுள் ஒன்றில், நேரத்தில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் வாருவதிலேயே கழிந்தும் நூற்றுக்கு இரண்டு பங்கு இடமும் கிடைக்கவில்லையாயின், நிரல் தானே பிழையென்று அறிவித்துவிடும் ஏற்பாடு உண்டு. அந்நிலை வருவதற்குச் சற்று முன்னர் நிரல் உயிரோடிருக்கும். ஆயின் ஒருவர்க்கும் மறுமொழி கூறாது. தமையனாரின் சேவை அப்பொழுது கிடந்த கிடை இதுவே.

இரண்டாவது, கணினி முழுதிலும் நினைவகம் தீர்ந்துபோதல். இப்பொழுது கொலை செய்வது லினக்சின் உட்கரு. எல்லாரும் பட்டினி கிடப்பதனினும் ஒருவர் சாதல் நன்றென்பது அதன் நீதி. ஒவ்வொரு நிரலுக்கும் அது ஒரு மதிப்பெண் இட்டு, பெரும்பாலும் மிகுதியாக உண்டிருப்பதனைத் தேர்ந்து, முன்னறிவிப்பின்றி ஒரே வெட்டாக வெட்டிவிடும். கண்மாய் உடையும் நிலையில் ஊரார் கூடிக் கரையின் ஒரு பக்கத்தைத் தாமே வெட்டிவிடுதலை இதற்கு ஒப்பாகக் கூறலாம். அவ்வெட்டு எவன் வயலுக்கு நேரே விழும் என்பதுதான் சண்டை. வெட்டுண்ட நிரல் தன் பதிவேட்டில் ஒரு சொல்லும் எழுதாது. எழுத அதற்கு நேரம் இல்லை. அதன் பதிவேட்டையே புரட்டிக்கொண்டிருப்பவர் "காரணமின்றி நின்றது" என்று எழுதுவர். உட்கருவின் பதிவேட்டைப் பார்ப்பின், இன்ன எண்ணுள்ள நிரலை நினைவகக் குறைவினாற் கொன்றேன் என்று அது தெளிவாக எழுதிவைத்திருக்கும். நிரலின் முடிவுக்குறி 137 என்று காணின் அதுவே பெரிய ஐயத்துக்கு இடம். 128-உடன் கொல்லும் குறியின் எண்ணாகிய 9 கூடியது அது.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சிலர் கருதாமல், ஹீப் நிரம்பாமையால் நினைவகத்திற் குறையில்லை என்று முடிவு கட்டுவர். ஜாவா நிரல் உண்பது ஹீப் மட்டுமன்று. வகுப்புகளின் விவரங்கள், ஒவ்வொரு புரிக்கும் உரிய அடுக்கு, வலையமைப்பிற்கான தாங்கிடங்கள் ஆகியவை ஹீப்புக்குப் புறம்பே இடங்கொள்வன. 16 ஜிகாபைட் உள்ள கணினியில் ஹீப்புகளுக்கே 15-ஐ வகுத்துவிட்டு, உட்கரு கொன்றதென்று அழுவது வகுத்தவர் பிழையே.

மூன்றாவது, மெய்நிகர் உலகிற்கே உரியது. ஆளும் கணினியே ஒரு மெய்நிகர்க் கணினியன்றோ? தனக்கு 24 ஜிகாபைட் இருப்பதாக அது எண்ணிக்கொண்டிருக்கும். தாங்கும் பெருங்கணினியோ தன்னிடம் உள்ளதனினும் மிகுதியாகப் பலர்க்கு வாக்களித்திருக்கலாம். எல்லாரும் ஒருங்கே கேட்கும் நாளில், உள்ளே பலூன் ஒன்றை ஊதுவதுபோல இடத்தைப் பிடுங்கிக்கொள்ளும், அன்றி வட்டிற்குத் தள்ளும். உள்ளிருந்து பார்ப்போர்க்கு ஒரு குறையும் தோன்றாது. வேகம் மட்டும் ஆமையினும் தாழும். ஆதலின் ஆளும் கணினிக்கு நினைவகத்தை முழுதும் உறுதியாக ஒதுக்கிவைத்தல் வேண்டும் என்பது விதி. சிக்கனம் கருதி அவ்வொதுக்கீட்டைக் குறைப்போர் உளர்.

புதியோர் பெரிதும் மயங்குவது வேறொன்று. லினக்சில் நினைவகக் கணக்கைக் கேட்டால் 'வெறுமையாக உள்ளது' என்னும் இடத்தில் மிகச் சிறிய எண் நிற்கும். அதனைக் கண்டு அலறவேண்டுவதில்லை. எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றிய காலத்தில் உள்வாயில் வெள்ளரி போடுவர், ஆடு மேய்ப்பர். நீர் வரும்பொழுது வெள்ளரிக்காரன் எழுந்துபோவான். லினக்சும் பயன்படாதிருக்கும் நினைவகத்தில் வட்டிற் படித்தவற்றின் படிகளை வைத்துக்கொள்ளும். நிரல் ஒன்று இடம் கேட்ட அளவிலே அவற்றை எறிந்துவிடும். ஆதலின் 'கிடைக்கக்கூடியது' என்னும் பத்தியை நோக்குக. 'வெறுமை' என்னும் பத்தியை அன்று.

இனி, ஹீப் நிரம்பியது என்று தெரிந்தபின் எழும் வினா, வந்தது வெள்ளமா வண்டலா என்பது. வலையமைப்பு உண்மையாகவே பெருத்து, விதிகளும் குழுக்களும் மிகுந்து, அதற்குரிய இடம் போதவில்லையாயின் அது வெள்ளம். அதற்குக் கரையை உயர்த்தலாம். அஃதாவது பெரிய அளவுள்ள ஆளும் கணினிக்கு மாறலாம். வண்டலாயின், கரையை எவ்வளவு உயர்த்தினும் சில நாள் தவணை கிடைக்குமேயன்றி நோய் தீராது. இரண்டையும் வேறு பிரித்தறியும் வழி அழகானது. நினைவகப் பயனை நேரத்துக்கு எதிரே வரைந்தால் அது வாள்பற்களைப்போலத் தோன்றும்: ஏறும், தூர்வாரியவுடன் இறங்கும், மீண்டும் ஏறும். பலர் பல்லின் நுனியையே பார்த்து அஞ்சுவர். பார்க்கவேண்டியது பல்லின் அடி. முழுத் தூர்வாருதலுக்குப் பின் எஞ்சும் அளவு நாள்தோறும் ஒன்றாகவே நிற்குமாயின், அது உயரமாயினும் வெள்ளமே. நேற்றினும் இன்றும், இன்றினும் நாளையும் அடி உயர்ந்துகொண்டே போகுமாயின் ஐயமின்றி வண்டல். எத்தனை நாளில் உச்சியைத் தொடும் என்பதனை அச்சாய்விலிருந்தே கணிக்கலாம்.

பின்னர் வண்டல் எவ்வாற்றிலிருந்து வந்தது என்று காணல் வேண்டும். இதற்கு ஹீப்பின் முழுப்படி ஒன்று எடுக்கப்படும். மீளத் தொடக்குதற்கு முன் எடுத்தல் வேண்டும் என்பதனை இத்துறையார் ஆயிரமுறை கூறினும் அந்நேரத்தில் ஒருவரும் கேட்பதில்லை. கூப்பிடுவோர் நெருக்க, கை தானே தொடக்கு விசையைத் தேடும். மீளத் தொடக்கியபின் சான்றும் அழிந்துபோம். படி ஹீப்பின் அளவினதாகவே இருக்குமாதலின், வட்டில் அவ்வளவு இடம் உண்டா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பாராமல் எடுத்து வட்டினையும் நிரப்பிக்கொள்வது இரண்டாம் விபத்து. எடுக்கும்பொழுது நிரல் உறைந்து நிற்கும் என்பதனையும் அறிக. இயலுமாயின் சில மணி நேரம் இடைவிட்டு இரண்டு படி எடுத்து ஒப்பிடுவது நன்று. எப்பொருள் பெருகியது, அதனை எது சுட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றது என்பதனை எக்லிப்ஸ் நினைவக ஆய்வி முதலிய கருவிகள் காட்டும். பின் மீளத் தொடக்குங்கால், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடக்கி, முன்னது எழுந்து கூட்டத்திற் சேர்ந்ததைக் கண்டபின்னரே அடுத்ததைத் தொடுதல் வேண்டும். மூன்றையும் ஒருங்கே வீழ்த்துவோன் சான்றோடு அரசையும் இழப்பான். என்.எஸ்.எக்ஸின் ஆளும் கணினிக்கு மெய்நிகர்க் கணினியின் நிலைப்படம் எடுத்து அதற்கு மீள்வதும் ஏற்கப்பட்ட வழியன்று. அதற்கெனத் தனிக் காப்புப்படி முறை உண்டு.

மீளத் தொடக்குதலே மருந்தன்று என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று செவ்வாய்க் கோளில் உண்டு. ஸ்பிரிட் என்னும் ஊர்தி 2004 ஜனவரி 21-ஆம் நாள் திடீரென வாய்மூடிற்று. அதன் நிலைநினைவகத்தில் பூமியை விட்டுப் புறப்பட்ட நாள்முதல் சேர்ந்த கோப்புகள் மிகுந்துபோயின. அவற்றின் பட்டியலை இயங்கு நினைவகத்தில் விரிக்க இடம் போதவில்லை. போதாமையால் கணினி தன்னை மீளத் தொடக்கியது. தொடங்கியவுடன் அதே பட்டியலை மீண்டும் விரிக்க முயன்றது. இங்ஙனம் 60 முறைக்குமேல் விழுந்தெழுந்தது. நிலைநினைவகத்தைத் தொடாமல் எழுக என்று பூமியிலிருந்து ஆணை சென்ற பின்னரே அது நின்றது. கோப்புகளை அழித்து நலம் பெற்றது.

வேறொன்று 2014 ஆகஸ்டு 12-ஆம் நாள் நிகழ்ந்தது. உலக வலையின் வழிப்பட்டியல் அன்று 5,12,000 வழிகளைக் கடந்தது. பழைய வழிச்செலுத்திகள் பலவற்றில் அப்பட்டியலுக்கு ஒதுக்கிய விரைவு நினைவகம் அவ்வளவே கொள்ளும். பல இடங்களில் இணையம் தடுமாறிற்று. வியப்பென்னவெனின், அப்பெட்டிகளில் இடம் முற்றும் தீர்ந்துவிடவில்லை; புதுவகை முகவரிகளுக்கென்று ஒதுக்கி வைத்த மறுபாகம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்தது. பாகத்தை மாற்றி வகுத்துப் பெட்டியை மீளத் தொடக்கவே பலவிடத்துக் குறை தீர்ந்தது.

தமையனார் அன்றிரவு எனக்குக் கூறியது அமேசான் நிறுவனத்தின் கதை. 2012 அக்டோபர் 22, திங்கட்கிழமை. அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் உள்ள அந்நிறுவனத்தின் மேகக்கணினி நிலையத்தில், தரவு சேமிக்கும் கணினிகள் பல ஒருங்கே இடர்ப்பட்டன. ரெடிட் உள்ளிட்ட பல தளங்கள் நின்றன. நிறுவனம் பின்னர் வெளியிட்ட விளக்கம் படிக்கத்தக்கது. முந்திய வாரத்தில், கணினிகளின் நலச்செய்தியைத் திரட்டும் சர்வர் ஒன்று பழுதாகி மாற்றப்பட்டது. புதிய முகவரி பெயரேட்டில் எழுதப்பட்டது. ஆயின் உள்ளிருந்த பெயரேடுகள் எல்லாவற்றுக்கும் அது சென்று சேரவில்லை. பழைய ஏட்டை நம்பிய சேமிப்புக் கணினிகளில் இருந்த சிறுநிரல், இறந்துபோன சர்வரையே தட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை தட்டித் தோற்கும்பொழுதும் சிறிது நினைவகத்தைப் பற்றிக்கொண்டு விடாமல் இருக்கும் குறை அந்நிரலுள் மறைந்து கிடந்தது. நலச்செய்தி சிறிது வாராதிருப்பினும் பொறுத்துக்கொள்ளும்படி அமைத்திருந்தமையின் எச்சரிக்கை மணி ஒன்றும் ஒலிக்கவில்லை. சேமிப்புக் கணினிகளின் நினைவகப் பயன் இயல்பாகவே ஏறியிறங்குவதாதலின் மெல்ல ஏறியதும் புலப்படவில்லை. திங்கட்கிழமை காலை பல கணினிகளில் ஒருங்கே நினைவகம் தீர்ந்தது. தீங்கு செய்தது பெருந்தொழில் புரியும் நிரல் எதுவுமன்று, நலம் விசாரிக்க வைத்த நிரல். பின்னர் அந்நிறுவனத்தார் குறையைக் களைந்ததுடன், சிறுதொழில் நிரல்கள் அளவுக்கு மிஞ்சி உண்ணாதபடி எல்லையும் வகுத்தனர்.

இக்கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர் இடையிலே நிறுத்திவிட்டார். சிறிதுநேரம் திரையையே பார்த்தார். பிறகு இரவுப் பணியில் இருந்தவரை அழைத்து, "தம்பி, இப்போது தொடக்காதே. மற்ற இரண்டும் நிற்கின்றன, போக்குவரத்தும் நடக்கிறது. கால்மணி நேரம் கொடு, வட்டில் இடம் இருக்கிறதா பார்" என்றார். அவர் தயங்கினார், மேலதிகாரி என்ன சொல்வாரோ என்று அஞ்சினார். "நான் சொன்னேன் என்று எழுதிவிடு" என்றார் தமையனார். படி எடுக்கப்பட்டது.

படியில் பாதுகாப்பு விதிகள் கொண்ட இடம் சிறிதே. மேலதிகாரி ஐயுற்றது பிழையாயிற்று. இடத்தை நிரப்பிக் கிடந்தவை அமர்வுகள், ஏறக்குறைய இருபதாயிரம். அவை எல்லாம் ஒரே பயனர் பெயரில் திறக்கப்பட்டவை. அப்பெயர் என் தமையனார் பணியிற் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதிய சிறுநிரலினுடையது. அது மணிக்கொருமுறை ஆளும் மென்பொருளிடம் சென்று, நலமா என்று கேட்டு, மறுமொழியைக் குறித்துவரும். வாயிலைத் திறந்து புகுந்தது. திரும்பும்பொழுது மூட எழுதவில்லை. பயனற்ற அமர்வுகள் குறித்த காலத்தில் தாமே அழியும் ஏற்பாடும் எவராலோ முன்னரே நீக்கி வைக்கப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு 24 அமர்வு, திங்களுக்கு 720, திங்கள்தோறும் பராமரிப்புக்காக மீளத் தொடக்குங்கால் எல்லாம் துடைக்கப்பட்டமையின் ஒருவரும் அறிந்திலர். மூன்று வாரத்துக்கு முன் புதிய விதிகளை ஏற்றியபொழுது, எல்லாம் நன்றாக நடக்கின்றனவா என்னும் கவலையால், அரைநிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும்படி அவரே அதனை மாற்றினார். அரைநிமிடத்துக்கு ஒன்றாயின் நாளுக்கு 2,880. ஒரு வாரத்துக்கு 20,160. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோபைட் கொண்டது. கூட்டினால் 3 ஜிகாபைட். வாரந்தோறும் வீழ்ந்தமைக்குக் கணக்கு நேராக வந்துவிட்டது.

விதிகளில் பிழையில்லை என்று மட்டும் எழுதி, "கண்காணிப்பு நிரலில் குறை" என்று பொதுப்படக் கூறி விட்டுவிடலாம். அதனை எழுதியவர் யார் என்று காலையில் தேடுவோர் எவருமிலர். யான் அவ்வாறே சொன்னேன் என்பதனை மறைக்கவில்லை. என் விடுதிக் கட்டணம் என் நினைவில் இருந்தது. அவர் மறுமொழி கூறாமல் கரையில் அமர்ந்தவாறே எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: நிரலை எழுதியவனும் மாற்றியவனும் யானே, திறந்ததை மூடும் ஓரடி விடுபட்டுள்ளது, அது சேர்க்கப்படும், அமர்வுகளுக்குக் காலவரம்பு மீண்டும் இடவேண்டும், ஒரு பயனருக்கு இத்தனை அமர்வுதான் என்னும் எல்லையும் வேண்டும், ஹீப்பின் அடியளவு ஏறினால் மணி ஒலிக்கச் செய்யவேண்டும். பின்னர்ச் சேவையை மீளத் தொடக்கச் சொன்னார். நாங்கள் வீடு திரும்பியபொழுது தந்தையார் திண்ணையில் விழித்திருந்தார். "என்னப்பா, உடைப்பா?" என்றார். "இல்லையப்பா, தூர்தான்" என்றார் தமையனார்.

மேலதிகாரி அவரைக் கடிந்துகொண்டாரா இல்லையா என்று அவர் சொல்லவில்லை. அவர் இன்னும் அப்பணியிலேயே இருக்கின்றார். பொங்கலுக்கு ஊர் வந்தபொழுது தம் கைப்பேசியில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். வாள்பற்கள் ஏறியும் இறங்கியும் நின்றன. அடி மூன்று வாரமாக ஒரே கோட்டில் இருந்தது.